ஒயிட்போர்டில் பர்மனென்ட் மார்க்கர் கறை: போர்டு கெடாமல் அகற்ற முழுமையான வழிகாட்டி

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். கணக்கை முடித்துவிட்டு டஸ்டரை எடுத்துத் தேய்க்கிறீர்கள். எழுத்து அசையவில்லை. கையிலிருக்கும் மார்க்கரைத் திருப்பிப் பார்த்தால், பார்சல் அட்டையில் முகவரி எழுத வாங்கி வைத்த பர்மனென்ட் மார்க்கர்.

நான் டியூஷன் சென்டர் நடத்துகிறேன். எங்களிடம் மூன்று போர்டுகள், மூன்றும் மூன்று வகை. வருடத்துக்கு நாலைந்து தடவையாவது இது நடந்துவிடுகிறது. புதிதாகச் சேரும் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள்: முதலில் ஈரத்துணி, அடுத்து விரல் நகம், அதுவும் பலிக்காவிட்டால் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார். அந்த மூன்றாவது இடத்தில்தான் போர்டு பாழாகிறது. மையை எப்படியாவது எடுத்துவிடலாம். நார் போட்ட கீறலை எடுக்க முடியாது. அப்புறம் சாதாரண மார்க்கரில் எழுதினால்கூட மை அந்தக் கீறலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.

கீழே சொல்லும் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். மென்மையான வழி முதலில், காட்டமான வழி கடைசியில். ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும் சொல்லியிருக்கிறேன். காரணம் தெரிந்தால், கையில் இருப்பதை வைத்தே சமாளிக்கவும் முடியும்.

1. தண்ணீரையும் நாரையும் தொடாதீர்கள்

பர்மனென்ட் மார்க்கர் மையில் நிறத்தோடு ஒரு பிசினும் இருக்கிறது. பேனாவுக்குள் இரண்டும் ஆல்கஹால் வகைத் திரவத்தில் கரைந்திருக்கும். எழுதியதும் திரவம் பறந்துவிடும், பிசின் மெல்லிய படலமாகப் போர்டைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிசின் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில்தான் மறுபடி கரையும்.

அதனால் ஈரத்துணியால் எவ்வளவு தேய்த்தாலும் பலன் இல்லை. அதோடு, பின்னால் ஸ்பிரிட் போடும்போது போர்டில் நிற்கும் ஈரம் அதை நீர்க்கச் செய்து வலுவைக் குறைத்துவிடும்.

பச்சை நார், இரும்பு நார், பாத்திரம் துலக்கும் பவுடர், பற்பசை, சமையல் சோடா எல்லாமே உராய்ந்து சுத்தம் செய்பவை. மையை எடுக்கும்போது போர்டின் பளபளப்பையும் சேர்த்தே எடுத்துவிடும். ‘மேஜிக் ஸ்பாஞ்ச்’ என்று விற்கும் வெள்ளைப் பஞ்சும் இதே வகைதான். தொட்டால் மெத்தென்று இருந்தாலும் வேலை செய்வது மிக நுண்ணிய உப்புத்தாள் மாதிரி. பலர் ஏமாறுவது இதில்தான்.

பெட்ரோல், பெயின்ட் தின்னர் இரண்டும் வேண்டவே வேண்டாம். பூச்சுள்ள போர்டில் மையோடு பூச்சையும் இளக்கிவிடும். தீ ஆபத்து வேறு.

வகுப்பை நிறுத்தவும் தேவையில்லை. காலியாக இருக்கும் பக்கத்தில் எழுதிப் பாடத்தை முடியுங்கள். இரண்டு மணி நேரம் தாமதித்தாலும் கறை பிடிவாதம் பிடிக்காது. வாரக்கணக்கில் விட்டால்தான் சிக்கல். ஸ்பிரிட் வாடையில் பிள்ளைகளை உட்கார வைப்பதைவிட, அவர்கள் போனபிறகு நிதானமாகச் செய்வது நல்லது.

2. போர்டு எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

எவ்வளவு காட்டமான திரவம் வரை போகலாம் என்பதைப் போர்டின் மேற்பரப்புதான் தீர்மானிக்கும். ஒரு ஃபிரிட்ஜ் காந்தத்தை எடுத்து ஒட்டிப் பாருங்கள்.

காந்தம் ஒட்டவில்லை, தட்டினால் மரப்பலகை போல மந்தமான சத்தம் வருகிறது என்றால் பெரும்பாலும் மெலமைன் போர்டு. விலை குறைவு என்பதால் வீடுகளிலும் சிறிய டியூஷன்களிலும் அதிகம் இருப்பது இதுதான். மெலமைன் பிசினில் ஊறிய தாளை மரத்தூள் பலகைமேல் அழுத்தி ஒட்டியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு, பழசாக ஆக அவை கூடும். மை உள்ளே இறங்குவது இந்த வகையில்தான். இதற்கு மென்மையான வழிகள் மட்டும்.

காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்புத் தகடு. அதிலும் இரண்டு வகை இருக்கிறது. தகட்டின்மேல் பெயின்ட் போலப் பூச்சு அடித்தது ஒன்று. எனாமல் பூசி ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டது இன்னொன்று, பழைய எனாமல் தட்டுகளில் பார்ப்போமே, அதே வேலைதான். இரண்டாவது கிட்டத்தட்ட கண்ணாடி. வித்தியாசம் தெரியாவிட்டால் பூச்சு அடித்தது என்றே வைத்துக்கொண்டு பயந்து வேலை செய்யுங்கள். நஷ்டம் இல்லை.

கண்ணாடி போர்டு பார்த்ததுமே தெரியும். அதில் ஒன்றும் இறங்காது, நாலு முதல் ஆறு வரையான தயாரிப்புப் படிகளை முடித்துவிட்டு ஒன்பதாம் படிக்கே நேராகப் போய்விடலாம்.

3. மை என்ன மை?

எழுதிய பேனா கிடைத்தால் அதன் உடம்பில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். மூடியை நம்ப வேண்டாம், பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போட்டு வைப்பார்கள்.

பர்மனென்ட் மார்க்கர், சிடி மார்க்கர் இரண்டுக்கும் இந்த வழிகாட்டி பொருந்தும். ஒயிட்போர்டு மார்க்கரிலேயே எழுதி மாதக்கணக்கில் அழிக்காமல் விட்ட எழுத்துக்கும் இதே சிகிச்சைதான்.

பெயின்ட் மார்க்கர் வேறு ஜாதி. குலுக்கினால் உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்கும், எழுத்து சற்றுத் தடிப்பாக நிற்கும். இதில் இருப்பது உண்மையிலேயே பெயின்ட், ஸ்பிரிட்டுக்கு லேசில் மசியாது. பதினோராம் படியில் தனியாகச் சொல்கிறேன்.

4. எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்

ஸ்பிரிட்டை ஊற்றிவிட்டுத் துணியைத் தேடிப் போனால், திரும்பி வருவதற்குள் கரைந்த மை மறுபடி காய்ந்து பரந்த கறையாகியிருக்கும். அதனால் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

துணிதான் முக்கியம். வெளுத்துப்போன பருத்தி பனியன், பழைய வேட்டி இரண்டும் அருமை. ஐந்தாறு துண்டுகளாகக் கிழித்துக்கொள்ளுங்கள். சாயத்துணி கூடாது, ஸ்பிரிட் பட்டால் அதன் சாயமே போர்டில் இறங்கும். பாலியஸ்டர் திரவத்தை உறிஞ்சாமல் தள்ளிக்கொண்டு போகும். செய்தித்தாளில் அச்சு மை இருக்கிறது.

புதிய ஒயிட்போர்டு மார்க்கர் ஒன்று, கருப்பு அல்லது நீலம். மை வற்றிய பேனா இதற்கு உதவாது.

ஸ்பிரிட் 100 மி.லி. மெடிக்கல் ஷாப்பில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் அல்லது 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்று கேளுங்கள். போர்டு முழுக்க எழுதியிருந்தால்கூட இந்த அளவு எங்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

சர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலவற்றில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். ஒரு எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு விட்டுக் காய விடுங்கள். காய்ந்த இடத்தில் விரலை வைத்து இழுத்தால் வழுக்கினால் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். பயன்படுத்தலாம், ஆனால் கடைசியில் சோப்புத் தண்ணீர்த் துடைப்பைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

சானிடைசர் இருந்தால் போதுமா? ஆல்கஹால் உள்ளதாக இருந்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கலவையில் 80% எத்தனால் அல்லது 75% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இருக்கிறது, மையைக் கரைக்க அது தாராளம். கூடவே கொஞ்சம் கிளிசரினும் உண்டு, அது போர்டில் பிசுபிசுப்பாகத் தங்கும். ‘ஆல்கஹால் இல்லாதது’ என்று போட்ட சானிடைசர் இந்த வேலைக்கு ஆகாது.

இவற்றோடு ஒரு பிடி பஞ்சு, கையுறை, பாத்திரம் கழுவும் திரவ சோப்பு இரண்டு சொட்டு விட்ட அரை மக் தண்ணீர், இன்னொரு மக்கில் வெறும் தண்ணீர், கீழே விரிக்கப் பழைய பெட்ஷீட். கையுறை இல்லாவிட்டால் ஸ்பிரிட்டில் தோல் வறண்டு வெடிக்கும், கரைந்த மை நகக்கண்ணில் ஏறி இரண்டு நாள் போகாது.

5. அறையைத் தயார் செய்யுங்கள்

ஜன்னல், கதவைத் திறந்து வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். காற்று வேண்டும், ஆனால் நேராகப் போர்டில் அடிக்கும் காற்று வேண்டாம். விசிறி ஓடினால் ஸ்பிரிட் மையைக் கரைப்பதற்குள் பறந்துவிடும். “ஸ்பிரிட் போட்டும் போகல” என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது விசிறி ஓடியதா என்றுதான்.

அடுத்தது நெருப்பு. இதில் அலட்சியம் காட்டாதீர்கள். 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் ஆவி 18 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே தீப்பற்றக்கூடியது. நம் ஊர் அறைகள் அதைவிட எப்போதும் சூடு. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, அதனால் தரையோரமாக இறங்கிப் பரவும். மாலை டியூஷனில் பெஞ்சுக்கு அடியில் கொசுவர்த்தி புகைந்துகொண்டிருக்கும், சாமி படத்துக்கு முன்னால் விளக்கும் ஊதுவத்தியும் இருக்கும். முதலில் அவற்றை அணைத்துவிட்டுத்தான் பாட்டில் மூடியைத் திறக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகள் அருகில் வேண்டாம். ஸ்பிரிட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குடிக்கக்கூடாது என்பதற்காகவே சிலவற்றில் மெத்தனால் என்ற விஷத்தைக் கலந்திருப்பார்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலோடு ஸ்பிரிட்டைச் சேர்க்கவும் கூடாது, நச்சு வாயு உண்டாகும்.

6. காய்ந்த துணியால் ஒரு துடைப்பு

போர்டு முழுவதையும் உலர்ந்த துணியால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். பழைய மார்க்கர் தூளும் தெருப்புழுதியும் போய்விட வேண்டும். புழுதி இருக்கும்போது ஈரம் பட்டால் சேறாகி, துணிக்கு அடியில் மணல் போல உருண்டு கீறும்.

டஸ்டரை இதற்கு எடுக்காதீர்கள். டஸ்டரில் ஏற்கெனவே அப்பியிருக்கும் மை, அடுத்து ஸ்பிரிட் பட்டதும் கரைந்து சாம்பல் நிறத்தில் பூசிக்கொள்ளும்.

7. மூலையில் சோதனை

போர்டின் கீழ் மூலையில், ஃபிரேமை ஒட்டி, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஸ்பிரிட் நனைத்த பஞ்சை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். எடுத்து, காய்ந்ததும் பக்கவாட்டில் குனிந்து வெளிச்சத்தில் பாருங்கள்.

பளபளப்பு அப்படியே இருந்தால் சரி. மங்கியிருந்தாலோ, விரல் ஒட்டுவது போலிருந்தாலோ, பஞ்சில் வெள்ளை நிறம் ஏறியிருந்தாலோ அந்தப் போர்டில் ஸ்பிரிட் போடாதீர்கள். எட்டாம் படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அரை நிமிட வேலைதான், ஆனால் அவசரத்தில் எல்லோரும் இதைத்தான் தாண்டிவிடுகிறார்கள்.

8. முதல் வழி: மேலேயே ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதுங்கள்

கறையின்மேல் இன்னும் மை பூசச் சொன்னால் யாருக்கும் மனசு வராது. ஆனால் புதுக் கறை பாதிக்குமேல் இதிலேயே போய்விடுகிறது.

ஒயிட்போர்டு மார்க்கரிலும் ஆல்கஹால் உண்டு, அது காய்ந்த பர்மனென்ட் மையை மறுபடி இளக்கும். அதோடு மை ஒட்டாமல் உதிர்வதற்காக எண்ணெய்த்தன்மையுள்ள ஒரு பொருளையும் சேர்த்திருப்பார்கள். இளகிய பழைய மையோடு அது கலந்துவிடுவதால், இரண்டும் சேர்ந்து காயும்போது முன்பு போல இறுகப் பிடிக்காது.

ஒரே ஒரு எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கோடு துளியும் வெளியே தெரியாதபடி அதன்மேல் ஈரமாக, கெட்டியாகப் பூசுங்கள். கோட்டின் இரு ஓரத்திலும் ஒரு நூல் அகலம் வெளியே போகட்டும். மை ஓரத்தில்தான் தடித்துக் காய்ந்திருக்கும்.

ஈரப் பளபளப்பு போகும்வரை சில விநாடி பொறுங்கள். பளபளப்பு மங்கியதும் உலர்ந்த துணியால் ஒரே இழுப்பாக இழுங்கள். சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போது துடைத்தால் இழுகும். பல நிமிடம் விட்டால் மறுபடி இறுகத் தொடங்கும்.

பாதி போயிருக்கும். மறுபடி பூசி, மறுபடி இழுங்கள். இரண்டு மூன்று சுற்று ஆகலாம். முழு வரியையும் ஒரேயடியாகப் பூசிவிட்டுத் துடைக்க ஆரம்பிப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. முதல் எழுத்தைத் துடைத்து முடிப்பதற்குள் ஏழாவது எழுத்து காய்ந்துவிடும்.

சிவப்பு மார்க்கரை இதற்கு எடுக்க வேண்டாம். மெலமைன் போர்டில் அதுவே இளஞ்சிவப்பு நிழலை விட்டுவிடக்கூடும்.

பூசப் பயன்படுத்திய பேனாவின் முனையில் பர்மனென்ட் மை கொஞ்சம் ஏறியிருக்கும். அதை மற்ற பேனாக்களோடு வைக்காதீர்கள். எங்களிடம் அப்படி ஒரு பேனா டேப் சுற்றித் தனியாக இருக்கிறது, கறைக்கு மட்டும்தான் அது வெளியே வரும்.

9. இரண்டாம் வழி: ஸ்பிரிட்

மார்க்கர் பூச்சுக்கு மசியாத மிச்சத்துக்கும் பழைய கறைக்கும் இது.

பாட்டிலை நேராகப் போர்டில் ஊற்றவோ ஸ்பிரே அடிக்கவோ கூடாது. வழிந்து கீழ் ஃபிரேமுக்குள் போகும். மெலமைன் போர்டாக இருந்தால் உள்ளே மரத்தூள் பலகை, ஈரம் பட்டால் ஊதிக்கொள்ளும். வழியும் மை போகிற பாதையெல்லாம் கோடு போடும். துணியில்தான் ஊற்ற வேண்டும், பிழிந்தால் ஒரு சொட்டு விழும் அளவுக்கு.

துணியை நாலாக மடியுங்கள். மடிப்பைத் திருப்பித் திருப்பி எடுத்தால் எட்டு சுத்தமான முகங்கள் கிடைக்கும். இந்த எட்டு முகத்தில்தான் மொத்த வேலையும் இருக்கிறது.

முதல் முகத்தை எழுத்தின்மேல் வைத்து, தேய்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். மை கரைய நேரம் வேண்டும். கரையாத மையைத் தேய்ப்பதால்தான் பலம் வீணாகிறது, கரைந்த மையைத் துணி தானாகவே உறிஞ்சும்.

துணியைத் தூக்கிப் பாருங்கள். கருப்பு மையாக இருந்தால் எழுத்தின் ஓரம் ஊதாவாகவோ நீலமாகவோ பிரிந்து தெரியும். கருப்பு என்பது பெரும்பாலும் பல சாயங்களின் கலவை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் கரையும். அந்த ஊதா ஓரம் தெரிந்தால் மை இளகிவிட்டது, இப்போது துடைக்கலாம் என்று பொருள்.

வெளியிலிருந்து உள்ளே, கறையின் நடுவை நோக்கி இழுங்கள். ஒரே இழுப்பு. உடனே துணியைத் திருப்பி அடுத்த முகம். மறுபடி ஒரே இழுப்பு. வட்டமாகத் தேய்க்கவே வேண்டாம்.

போன வருடம் சேர்ந்த கணக்கு டீச்சர் ஒருத்தி, இப்போதுதான் பி.எஸ்சி. முடித்தவள், பத்து நிமிடம் தேய்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“அக்கா, துடைக்கத் துடைக்கப் பெருசாகுது.”

“துணியைத் திருப்பிக் காட்டும்மா.”

துணியின் ஒரே ஒரு முகம் கன்னங்கரேலென்று இருந்தது. மற்ற ஏழும் வெள்ளை வெளேர். அவள் கரைத்த மையையெல்லாம் அதே முகத்தால் மறுபடி போர்டுக்கே பூசிக்கொண்டிருந்தாள். இரண்டடி அகலத்துக்கு நீல மூட்டம். புதுத் துணி, புது ஸ்பிரிட், ஓர் இழுப்புக்கு ஒரு முகம் என்று மாற்றியதும் நாலே நிமிடத்தில் வெளுத்துவிட்டது. இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க முடியும் என்றால் துணியைத் திருப்புவதை வையுங்கள்.

எட்டு முகமும் தீர்ந்ததும் அடுத்த துண்டு. மேலே இருக்கும் வரியிலிருந்து கீழே வாருங்கள், அப்போதுதான் சொட்டு விழுந்தாலும் இன்னும் துடைக்காத இடத்தில் விழும். ஓர் உள்ளங்கை அகலத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்த இடம்.

ஸ்பிரிட்டே கிடைக்காத ஊரில், இரவு நேரத்தில் என்ன செய்வது? ஆல்கஹால் உள்ள பாடி ஸ்பிரே அல்லது ஷேவிங்குக்கு அப்புறம் போடும் லோஷன் ஒரு வரியை எடுத்துவிடும். துணியில் அடித்துத்தான் துடைக்க வேண்டும். வாசனைப் பொருள் பிசுக்காகத் தங்கும், சோப்புத் துடைப்பு கட்டாயம்.

நகப்பூச்சு ரிமூவர் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அதில் பொதுவாக இருக்கும் அசிட்டோன் மையை நொடியில் கரைக்கும். கண்ணாடி போர்டிலும், எனாமல் என்று உறுதியாகத் தெரிந்த போர்டிலும் மட்டும், பஞ்சில் தொட்டுப் பயன்படுத்தலாம். பூச்சு அடித்த தகட்டில் பூச்சே இளகிவிடும். பிளாஸ்டிக் ஃபிரேமில் பட்டால் அந்த இடம் உருகிச் சொரசொரப்பாகும். எந்த வகை என்று சந்தேகம் இருந்தால் அசிட்டோன் பக்கமே போகாதீர்கள்.

10. நிழல் மிச்சம் இருந்தால்

எழுத்து போய்விடும், ஆனால் எழுத்து இருந்த இடம் மட்டும் லேசாகத் தெரியும். இதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்.

விரலில் சுற்றிய வெள்ளைத் துணியில் ஸ்பிரிட் தொட்டு அந்த இடத்தில் ஒரு இழுப்பு. துணியில் நிறம் ஏறினால் மை இன்னும் மேலேதான் இருக்கிறது. பஞ்சை நனைத்து ஒரு நிமிடம் அழுத்தி வைத்து, அப்புறம் துடையுங்கள். இடையில் பஞ்சு காய்ந்தால் மறுபடி நனையுங்கள். இரண்டு மூன்று தடவையில் போய்விடும்.

துணி வெள்ளையாகவே வந்தால் மை நுண்துளைக்குள் இறங்கிவிட்டது. மெலமைன் போர்டில் இது நடக்கும், குறிப்பாகப் பழைய போர்டிலும் சிவப்பு மையிலும். இங்கேதான் நிறுத்த வேண்டும். அந்த லேசான நிழலோடு போர்டு இன்னும் பல வருடம் உழைக்கும். எங்கள் சென்டரில் ஒரு போர்டின் வலது பக்கம் இந்த நிழலை விரட்டப் போய்த்தான் கெட்டது. உப்புத்தாள் தேய்த்த அந்த இடத்தில் இன்று எதை எழுதினாலும் ஈரத்துணி இல்லாமல் அழியாது.

11. சில தனிக் கேஸ்கள்

பெயின்ட் மார்க்கர்: கண்ணாடியில் என்றால் பழைய ஏ.டி.எம். கார்டு போன்ற பிளாஸ்டிக் அட்டையைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டி, மிச்சத்தை அசிட்டோனால் எடுக்கலாம். மெலமைனிலும் பூச்சுத் தகட்டிலும் பஞ்சில் ஸ்பிரிட் வைத்து ஊறவிட்டு, கட்டைவிரல் சதையால் மெல்ல உருட்டிப் பாருங்கள். கொஞ்சம் வரும், முழுதாக வராமலும் போகலாம்.

வேண்டுமென்றே போட்ட கோடு: டைம்டேபிள் கட்டங்களைச் சிலர் பர்மனென்ட் மார்க்கரில் போட்டு வைப்பார்கள். கோட்டை ஸ்கேல் நீளத்துக்கு, ஓர் அடி ஓர் அடியாகத்தான் எடுக்க வேண்டும். கோட்டின் குறுக்கே துடைக்காமல் அதன் நீளவாக்கில் இழுங்கள். இனிமேல் கட்டம் வேண்டுமென்றால் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் மெல்லிய கலர் டேப்பை ஒட்டுங்கள்.

அலுமினிய ஃபிரேமில் பட்ட மை: ஸ்பிரிட் பஞ்சு போதும். போர்டுக்குப் பயன்படுத்திய துணியை இதற்கும் இதற்குப் பயன்படுத்தியதைப் போர்டுக்கும் கொண்டுபோகாதீர்கள். ஃபிரேமின் இடுக்கில் இருக்கும் கருப்பு அழுக்கு முழுக்கத் துணியில் ஏறியிருக்கும்.

12. சோப்புத் தண்ணீர், வெறும் தண்ணீர், உலர்ந்த துணி

கறை போனதும் வேலை முடிந்ததாக நினைத்துப் பாட்டிலை மூடிவிடுகிறார்கள். அடுத்த நாள் எழுதினால் அந்த இடத்தில் மட்டும் எழுத்து இழுகுகிறது அல்லது சரியாக அழிவதில்லை. ஸ்பிரிட் கரைத்த மையின் மெல்லிய படலமும், சானிடைசரின் கிளிசரினும், விளக்கெண்ணெயும் அங்கேயே தங்கியிருக்கின்றன.

சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் போர்டு முழுவதையும் துடையுங்கள். கறை இருந்த இடத்தை மட்டும் துடைத்தால் அந்தத் துண்டு தனியாகப் பளிச்சென்று தெரியும். அடுத்து வெறும் தண்ணீர்த் துணி. சோப்பு மிஞ்சினால் அதுவும் ஒரு படலம்தான். உடனே உலர்ந்த துணி, குறிப்பாகக் கீழ் ஃபிரேம் ஓரம்.

இப்போது விசிறியைப் போடலாம். ஸ்பிரிட் வாடை போனபிறகு. நனைந்த துணிகளைக் குப்பைக்கூடையில் சுருட்டிப் போடாமல் வெளியே, நெருப்பில்லாத இடத்தில் விரித்துக் காயவிட்டு அப்புறம் போடுங்கள்.

13. எழுதிப் பாருங்கள்

போர்டு முழுதாகக் காய ஒரு பதினைந்து நிமிடமாவது விடுங்கள். ஈரத்தில் எழுதினால் மார்க்கர் முனை தண்ணீரை உறிஞ்சிக் கெட்டுவிடும்.

கறை இருந்த இடத்தில் நாலு எழுத்து எழுதி, ஒரு நிமிடம் விட்டு, சுத்தமான டஸ்டரால் அழியுங்கள். சுத்தமாகப் போனால் முடிந்தது. இழுகினால் சோப்புப் படியை மறுபடி செய்யுங்கள். ஒட்டிக்கொண்டு போக மறுத்தால் கீறல் விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் இனி நோட்டீஸ் ஒட்டிக்கொள்ளலாம், எழுத வேண்டாம்.

14. மறுபடி நடக்காமல் இருக்க

இரண்டு பேனாவும் ஒரே பருமன், ஒரே நிறம், ஒரே மாதிரி மூடி. பாடம் நடத்தும்போது யாரும் லேபிள் படிப்பதில்லை, கை போன பக்கம் எடுப்பார்கள். ‘பார்த்து எடுங்கள்’ என்று சுவரில் எழுதி ஒட்டியும் பார்த்தேன், பலனில்லை. கைக்குத் தெரிய வேண்டும்.

பர்மனென்ட் மார்க்கர் ஒவ்வொன்றின் நடுவிலும் இரண்டு ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றி வையுங்கள். மூடியில் சுற்றாதீர்கள், மூடி அடுத்த பேனாவுக்குப் போய்விடும், உடம்பில்தான் சுற்ற வேண்டும். வாங்கிய அன்றே, பாக்கெட்டைப் பிரிக்கும்போதே சுற்றிவிடுங்கள். எழுதப் போகும்போது விரலுக்கடியில் ரப்பர் நெருடும். எங்கள் பிள்ளைகள் இப்போது ரப்பர் பட்டதுமே யாரும் சொல்லாமலே அந்தப் பேனாவை மேஜை டிராயரில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள்.